பேரேட்டில் ஏறாத பிள்ளைகள்

கணக்குக்குப் பேர்போன சீமை இது. பர்மாவிலும் மலேயாவிலும் வட்டிக்கடை நடத்திய காலத்திலேயே பைசா பிசகாமல் பேரேடு எழுதி, ஐந்தொகை எடுத்து ஊருக்கு அனுப்பிவைத்த சீமை. நாச்சியாபுரத்திலிருந்து காரைக்குடி, கானாடுகாத்தான் வரைக்கும் பூட்டிக் கிடக்கிற பெரிய வீடுகளெல்லாம் அந்தக் கணக்கில் எழும்பியவைதான். நகரத்தார்களில் கல்யாணம் முடிந்ததும் கோவில் கணக்கில் ஒரு 'புள்ளி'யாக ஏறிவிடுவார்கள். எத்தனை புள்ளி என்று எந்த நேரம் கேட்டாலும் சொல்லிவிடலாம். அந்த வீடுகளுக்குச் சுண்ணாம்பு அரைத்தவர்கள், கண்மாய் மண் சுமந்தவர்கள், மாடு மேய்த்த பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டால் எந்தப் பேரேட்டிலும் பதில் இல்லை. புள்ளியில் வராதவர்களுக்குப் புள்ளிவிவரமும் கிடையாது.

பழைய கதை இருக்கட்டும். இன்றைக்கும் எழுதப்படுகிற இன்னொரு பேரேட்டைப் பற்றி நாம் பேச வேண்டியிருக்கிறது. காவல் நிலையத்தில் ஆரம்பித்து, இளைஞர் நீதிக் குழுமம், கூர்நோக்கு இல்லம், சிறப்பு இல்லம் என்று நீள்கிற பேரேடு அது. 18 வயது முடியாத பிள்ளை மேல் குற்றம் சாட்டினால் அவன் பேர் இதில் ஏறும். 'சட்டத்துடன் முரண்பட்ட குழந்தை' என்று சட்டம் அவனுக்குப் பேர் வைத்திருக்கிறது. முரண்பட்டது குழந்தையா, சட்டமா என்று யாரும் கேட்பதில்லை. நம்ம ஜனங்களுக்கு இது எல்லாமே ஒண்ணுதான்: "பயலைச் சீர்திருத்தப் பள்ளிக்குக் கொண்டுபோயிட்டாங்க." எத்தனை பயல்களை? எந்தத் தெருப் பயல்களை? எத்தனை நாளைக்கு? வக்கீல் இருந்தாரா? ஜாமீன் யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை? இந்தக் கேள்விகளுக்கு அரசாங்கத்திடம் பதிலே இல்லை என்று சொல்வது தப்பு. பதில் தாள்தாளாகக் கிடக்கிறது. அதைக் கூட்டி வெளியே சொல்ல மட்டும் மனசில்லை.

எப்படி என்று பார்ப்போம். இளைஞர் நீதிச் சட்டம் 2015-க்கு 2016-இல் மத்திய அரசு மாதிரி விதிகள் கொண்டுவந்தது. அந்த விதிகளின்படி பிள்ளையைப் பிடித்ததும் காவல்துறை 'சமூகப் பின்னணி அறிக்கை' என்று ஒரு படிவம் நிரப்ப வேண்டும். பேர், வயது, விலாசம், பெற்றோர் தொழில், படிப்பு எல்லாம் அதில் உண்டு. மதம் என்கிற இடத்தில், இந்து என்றால் ஓ.சி.யா, பி.சி.யா, எஸ்.சி.யா, எஸ்.டி.யா என்று குறிக்கவும் இடம் வைத்திருக்கிறார்கள். ஆக, பயலுடைய சாதி முதல் தாளிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. அந்தத் தாள் குழுமத்துக்குப் போகிறது. அதோடு சரி.

தில்லியில் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வருஷா வருஷம் 'இந்தியாவில் குற்றங்கள்' என்று தடித்தடியாகப் புத்தகம் போடுகிறது. 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி சிறார்கள் மேல் 30,555 வழக்குகள். நாட்டில் பதிவான மொத்தக் குற்ற வழக்குகளில் இது நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது. பத்திரிகைக்காரன் போடுகிற சத்தத்தைப் பார்த்தால் நாட்டையே பொடியன்கள்தான் கொள்ளையடிக்கிறான்கள் என்று தோணும். அந்தப் புத்தகத்தில் பிள்ளைகளின் வயது இருக்கிறது, படிப்பு இருக்கிறது, அப்பன் ஆத்தாளோடு இருந்தானா, வீடில்லாமல் திரிந்தானா என்பதுகூட இருக்கிறது. சாதி கிடையாது. குடும்ப வருமானம் ஒரு காலத்தில் இருந்தது. 2013-ஆம் ஆண்டுக் கணக்கில், பிடிபட்ட பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப் பேர் வருஷத்துக்கு 25 ஆயிரம் ரூபாய்க்கு மேல் வருமானமில்லாத குடும்பத்துப் பிள்ளைகள் என்று அரசாங்கப் புத்தகமே சொன்னது. பிந்தி வந்த புத்தகங்களில் அந்த அட்டவணையையும் எடுத்துவிட்டார்கள்.

இதே காப்பகம் பெரியவர்களுக்கான சிறைப் புள்ளிவிவரத்தையும் வெளியிடுகிறது. அதில் மட்டும் சாதி இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி நாட்டில் பட்டியல் சாதியினர் 16.6 சதவீதம். சிறைக்குள்ளே ஐந்தில் ஒருவருக்குக் குறையாமல் நாம்தான். இந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷமாக நாம் மேடையிலும் கோர்ட்டிலும் வாதாட முடிந்திருக்கிறது. 18 வயது தாண்டியவனுக்கு இருக்கிற கணக்கு 16 வயதுக்காரனுக்கு ஏன் இல்லை? பிள்ளை சாதி இல்லாமல் பிடிபட்டு, பெரியவனானதும் சாதியோடு ஜெயிலுக்குப் போகிறானா?

இன்னொரு ஓட்டையும் உண்டு. அது நல்லெண்ணத்தில் விழுந்த ஓட்டை. குறைந்தபட்சத் தண்டனையே ஏழாண்டோ அதற்கு மேலோ என்று இருக்கிற கொடுங்குற்றம் இல்லையென்றால், பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகச் சொல்லப்படாவிட்டால், பிள்ளை மேல் முதல் தகவல் அறிக்கை போடக் கூடாது. நிலையத்தின் பொது நாட்குறிப்பில் எழுதி, பின்னணி அறிக்கையோடு குழுமத்துக்கு அனுப்பு என்று அதே விதிகள் சொல்கின்றன. பிள்ளைக்கு முத்திரை விழக் கூடாது என்கிற நோக்கம் சரிதான். ஆனால் நடைமுறையில் என்ன ஆகிறது? பூட்டிக் கிடக்கிற ஒரு பெரிய வீட்டில் பித்தளை அண்டாவோ, தேக்கு மரச் சாமானோ காணாமல் போனால் எந்த ஊரிலும் முதல் ஆள் போவது சேரிக்குத்தான். "விசாரிச்சிட்டு அனுப்பிடுறோம்" என்று நாலு பயல்களைக் கூட்டிப்போவார்கள். ராத்திரி இருப்பான்கள், அடி வாங்குவான்கள், விடியக்காலம் வருவான்கள். எஃப்.ஐ.ஆர். இல்லை. நாட்குறிப்பிலும் எழுதியிருக்க மாட்டார்கள். குழுமத்துக்கு எந்தத் தாளும் போகாது. சட்டத்தின் 10-ஆம் பிரிவு பிள்ளையை லாக்கப்பில் வைக்காதே, 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்து என்கிறது. நிறுத்தவே இல்லை என்றால் அந்த 24 மணி நேரத்தை எந்தக் கடிகாரத்தில் எண்ணுவது? எழுதப்படாத கைதுதான் நம்ம தெருவில் அதிகம் நடக்கிற கைது. எந்தத் தேசியப் புத்தகத்திலும் அது ஏறாது.

இங்கே ஒரு தோழர் கை தூக்குவார். கணக்கெடுப்பு என்பதே அதிகாரத்தின் ஆயுதமல்லவா, எண்ணப்படுகிறவன் எப்போதும் அடக்கப்படுகிறவன் அல்லவா, ஃபூக்கோ சொல்லவில்லையா என்பார். ஃபூக்கோ பிரான்சிலிருந்து வந்து சொல்ல வேண்டியதில்லை. மதுரைச் சீமை கைரேகை வைத்தே சொன்னது. குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் ரேகை பதிய மறுத்ததற்காக 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி பெருங்காமநல்லூரில் பிரமலைக் கள்ளர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அதே 1920-இல்தான் சென்னை மாகாணத்தில் குழந்தைகள் சட்டம் வந்தது. இந்தியாவிலேயே முதல் குழந்தைகள் சட்டம் என்று பாடப்புத்தகத்தில் பெருமையாக எழுதுவார்கள். ஒரு கையில் குழந்தையைக் காப்பாற்றும் சட்டம், இன்னொரு கையில் பிறக்கும்போதே குற்றவாளி என்று பதிகிற சட்டம். குறவர்கள் உட்பட எத்தனையோ சமூகங்களின் பிள்ளைகளுக்கு இரண்டாவது பதிவேடுதான் வாய்த்தது. ஆகவே பதிவேட்டைக் கண்டால் நம்ம பாட்டன் பூட்டன் பயந்ததில் நியாயம் இருக்கிறது.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. 1930, 31-இல் அப்போதைய இராமநாதபுரம் ஜில்லாவில், அதாவது இன்றைய சிவகங்கையும் சேர்ந்த இந்த மண்ணில், கள்ளர்கள் ஆதிதிராவிடர்கள் மேல் தடைகள் போட்டார்கள். முதலில் எட்டுத் தடை, அடுத்த வருஷம் பதினொன்று. நகை போடாதே, முழங்காலுக்குக் கீழே துணி கட்டாதே என்று நீளுகிற அந்தப் பட்டியலில் பிள்ளைகளுக்கும் ஒரு பங்கு ஒதுக்கியிருந்தார்கள்: ஆதிதிராவிடர் பிள்ளைகள் எழுத்துப் படிக்கக் கூடாது, மிராசுதார் மாடுகளை மேய்க்க வேண்டும். இதை எழுதி வைத்தவர் யார்? 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன். கணக்கெடுக்க வந்த ஒரு வெள்ளைக்காரன் அதைத் தாளில் ஏற்றாமல் போயிருந்தால், "அப்படியெல்லாம் எங்க ஊர்ல நடந்ததே இல்லீங்க" என்று இன்றைக்குச் சத்தியம் பண்ணியிருப்பார்கள். அதற்கும் முன்னால், குடிமதிப்புக் கணக்கில் நம்மை என்ன பேரில் எழுத வேண்டும் என்று அயோத்திதாசப் பண்டிதர் போராடியது எதற்காக? எழுதுகிறவன் கையிலிருக்கிற பேனா நம்ம தலையெழுத்தையும் எழுதும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆக, எண்ணுவதா வேண்டாமா என்பதல்ல நம்ம கேள்வி. யாரை எண்ணுவது என்பதுதான். ரேகைச் சட்டம் பிள்ளையை எண்ணியது. நாம் எண்ணச் சொல்வது பிள்ளை மேல் கை வைத்தவர்களை. பயல் என்ன செய்தான் என்கிற கணக்கை அவர்கள் ஏற்கெனவே வேண்டிய மட்டும் வைத்திருக்கிறார்கள். பயலை என்ன செய்தீர்கள் என்கிற கணக்கை நாம் கேட்கிறோம்.

இது ஏதோ ஆகாயத்தில் பிடுங்கிய யோசனை இல்லை. அமெரிக்காவில் கறுப்பினப் பிள்ளைகளை இதே மாதிரிதான் வாரிக்கொண்டுபோய் அடைத்தார்கள். அங்கே 1974-இல் வந்த சிறார் நீதிச் சட்டத்தில் 1988-இல் ஒரு திருத்தம் செய்து, அடைபட்ட பிள்ளைகளில் சிறுபான்மையினர் அளவுக்கு மிஞ்சி இருக்கிறார்களா என்று மாநிலங்கள் பார்க்க வேண்டும் என்றார்கள். 1992-இல் அதை மத்திய மானியத்தோடு கட்டினார்கள். 2002-இல் அடைப்பு மட்டும் போதாது, பிடிப்பதிலிருந்து தீர்ப்பு வரை ஒவ்வொரு படியிலும் எண்ணு என்றார்கள். இந்தப் படி என்கிற யோசனைதான் முக்கியம். ஒரே மாதிரிக் குற்றச்சாட்டு உள்ள இரண்டு பையன்கள். ஒருவனை எச்சரித்து அனுப்புகிறாய், ஒருவனை அடைக்கிறாய். எந்தப் படியில் பாதை பிரிந்தது? அதைக் கண்டுபிடித்தால் கேட்க வேண்டிய ஆள் யார் என்று தெரிந்துவிடும். பிரிட்டனில் டேவிட் லாமி என்கிற கறுப்பின நாடாளுமன்ற உறுப்பினர் 2017-இல் கொடுத்த அறிக்கை, வெள்ளையர் அல்லாத பிள்ளைகள் இளைஞர் சிறையில் 2006-இல் 25 சதவீதமாக இருந்தது பத்தே வருஷத்தில் 41 சதவீதமானதைக் காட்டியது. அவர் வைத்த விதி ரொம்ப எளிமையானது: வித்தியாசம் தெரிகிறதா, அதற்குக் காரணம் சொல்; சொல்ல முடியவில்லையா, திருத்து. கணக்கு வந்ததால் அந்த நாடுகளில் நிறவெறி ஒழிந்துவிடவில்லை. "எங்க ஊர்ல அப்படி இல்லை" என்று சொல்கிற வாய் அடைந்தது. நமக்கு முதலில் அதுவே பெரிய காரியம்.

நம்ம ஊர்ப் படிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால் எங்கே சாதி ஒளிந்திருக்கிறது என்று தெரியும்.

முதல் படி வயது. சட்டத்தின் 94-ஆம் பிரிவு பள்ளிச் சான்றிதழைப் பார், இல்லையென்றால் பிறப்புச் சான்றிதழைப் பார், இரண்டும் இல்லாவிட்டால்தான் எலும்புச் சோதனை என்கிறது. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு போய்ப் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளையிடம் எந்தக் காகிதம் இருக்கும்? "பாத்தா 19 இருக்கும்" என்று எழுதிவிட்டால் அவன் பெரியவர்கள் சிறைக்குப் போவான். இது கற்பனை இல்லை. 2016 ஜனவரியிலிருந்து 2021 டிசம்பர் வரை 9,681 பிள்ளைகள் தப்பாகப் பெரியவர்கள் சிறையில் கிடந்து, பிறகு இல்லங்களுக்கு மாற்றப்பட்டார்கள் என்று ஐப்ரோபோனோ என்கிற சட்ட உதவி அமைப்பு 2024-இல் வெளியிட்டது. அரசாங்கம் தானாகக் கொடுத்த கணக்கு இல்லை அது. தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு மனுப் போட்டுத் தோண்டி எடுத்தது. அந்த 9,681-இல் நம்ம பிள்ளைகள் எத்தனை என்று கேட்டால் மறுபடியும் வெறும் தாள்.

இரண்டாவது படி ஜாமீன். 12-ஆம் பிரிவின்படி பிள்ளைக்கு ஜாமீன்தான் விதி. மறுப்பதென்றால் காரணம் எழுத வேண்டும். கெட்ட சகவாசத்தில் விழுவான், ஒழுக்க ரீதியாகவோ உடல் மன ரீதியாகவோ ஆபத்து வரும், நீதியின் நோக்கம் கெடும் என்று மூன்றே காரணம்தான் அனுமதி. 'ஒழுக்க ஆபத்து' என்றால் என்ன என்று யார் தீர்மானிப்பது? விலாசத்தில் காலனி என்று இருந்தால் அதுவே கெட்ட சகவாசம் ஆகிவிடுகிறதா? அப்பன் கூலிக்காரன், கையெழுத்துப் போட நிலபுலன் உள்ள ஆள் வரவில்லை என்பதெல்லாம் எழுதாத காரணமாகிறதா? மறுப்பு ஆணைகளைப் பேர் இல்லாமல் அடுக்கி வைத்து, காரணத்தையும் சாதிப் பிரிவையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்த்தால் ஒரே நாளில் தெரிந்துபோகும்.

மூன்றாவது படி நாள் கணக்கு. விசாரணையை நாலு மாதத்தில் முடி, தேவைப்பட்டால் இரண்டு மாதம் கூட்டிக்கொள். சில்லறைக் குற்றமாக இருந்து அதற்குள்ளும் முடியாவிட்டால் வழக்கே முடிந்துபோனதாக அர்த்தம் என்கிறது 14-ஆம் பிரிவு. எத்தனை பெற்றோருக்கு இது தெரியும்? 2025 நவம்பரில் வெளியான இந்திய நீதி அறிக்கைக் குழுவின் ஆய்வு, 362 குழுமங்களின் கணக்கைத் தகவல் உரிமை மனுக்கள் மூலம் திரட்டிப் பார்த்து, 2023 அக்டோபர் கடைசியில் பாதிக்கு மேல், அதாவது 55 சதவீத வழக்குகள் முடியாமல் கிடந்தன என்று காட்டியது. ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூகப் பணியாளர்களும் சேர்ந்ததுதான் குழுமம். நாலில் ஒரு குழுமத்துக்கு முழு ஆளே இல்லை. கூர்நோக்கு இல்லம் எல்லா மாவட்டத்திலும் கிடையாது. வெளியூரில் அடைத்தால் பிள்ளையைப் பார்க்க ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போகும். தேதி தள்ளிப்போகப் போக ஆத்தாக்காரி போவதை நிறுத்திவிடுவாள். அப்புறம் 'குடும்பம் அக்கறை காட்டவில்லை' என்று ஓர் அறிக்கை வரும். அந்த அறிக்கையே அடுத்த ஜாமீன் மறுப்புக்குக் காரணமாகும்.

நாலாவது படி இல்லத்துக்கு உள்ளே. 2022 டிசம்பர் 31 அன்று செங்கல்பட்டு அரசு சிறப்பு இல்லத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் செத்துப்போனான். ரயில்வே பேட்டரி திருடினான் என்பது அவன் மேல் இருந்த குற்றச்சாட்டு. அடித்துக் கொன்றதாக இல்லத்துப் பணியாளர்கள் ஆறு பேர் கைதானார்கள். அதற்குப் பிறகுதான் 2023-இல் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழு போட்டு இல்லங்களை ஆராயச் சொன்னார்கள். செங்கல்பட்டில் வெள்ளைக்காரன் சீர்திருத்தப் பள்ளி ஆரம்பித்தது 1887-இல். 135 வருஷம் கழித்து ஒரு பிள்ளை பிணமாக வெளியே வந்தால்தான் உள்ளே எட்டிப் பார்ப்போம் என்றால், அந்த 135 வருஷக் கணக்கை யார் ஒப்பிப்பது? யாருக்கு எத்தனை காயம், எந்த டாக்டர் பார்த்தார், யார் எத்தனை தடவை பெற்றோரைச் சந்தித்தார் என்று மாசாமாசம் எண்ணியிருந்தால் அந்தப் பையன் சாவதற்கு முன்னாலேயே அந்தத் தாள் பேசியிருக்கும்.

இதுவரை சொன்னது நமக்கு இதமானது. இனிச் சொல்வது நமக்குள்ளேயே சண்டை வரக்கூடியது.

2023 ஆகஸ்ட் 9-ஆம் தேதி நாங்குநேரியில் 12-ஆம் வகுப்பு படித்த நம்ம பையனை, வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுத்த தங்கச்சியையும் வெட்டினார்கள். வெட்டியது கூடப் படித்த ஆதிக்க சாதிப் பிள்ளைகள். அவர்களும் 18 வயதுக்கு உட்பட்டவர்கள்; கூர்நோக்கு இல்லத்துக்குப் போனார்கள். நம்ம மாவட்டத்தில் கச்சநத்தத்தில் 2018 மே 28 ராத்திரி மூன்று பேரை வெட்டிக் கொன்ற வழக்கில் 2022-இல் 27 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது சிவகங்கை வன்கொடுமைத் தடுப்புச் சிறப்பு நீதிமன்றம். குற்றம் சாட்டப்பட்டவர்களில் சிறார்களும் இருந்தார்கள். இந்தச் சேதிகளைக் கேட்கும்போது நமக்கு என்ன தோன்றுகிறது? "என்னா பிள்ளைக? இவனுகளையெல்லாம் பெரிய கோர்ட்டுல நிறுத்தி உள்ள தள்ளணும்" என்றுதான். 15-ஆம் பிரிவு அதற்கு வழியும் வைத்திருக்கிறது. 16 வயது முடிந்தவன் கொடுங்குற்றம் செய்ததாகச் சொல்லப்பட்டால், அவன் மனநிலையையும் விவரத்தையும் குழுமம் மதிப்பிட்டு, பெரியவனைப் போல விசாரிக்க அனுப்பலாம்.

தோழர்களே, அந்தக் கதவை அகலத் திற என்று நாம் கத்தினால் முதலில் அதற்குள்ளே தள்ளப்படுகிறவன் யார்? ஊர்ப் பெரியமனுசன் மகனா, காலனிப் பயலா? மனநிலையை மதிப்பிடுகிறவரின் மனநிலையில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாதா? சட்டத்தின் கருணை எதிரியின் பிள்ளைக்கும் கிடைக்கட்டும். அது நம்ம பிள்ளைக்கும் கிடைக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பதுதான் நம்ம வேலை. 15-ஆம் பிரிவில் யார் யார் பெரிய கோர்ட்டுக்குப் போனார்கள், யார் யார் குழுமத்திலேயே நின்றார்கள் என்கிற கணக்கைச் சாதிப் பிரிவோடு கேட்போம்.

வன்கொடுமையில் சிறார் இருந்தால் அதற்குத் தனிக் கணக்கு வேண்டும் என்றும் கேட்போம். அரிவாளை யார் கொடுத்தது? அந்த வழக்கில் பெரியவர்கள் எத்தனை பேர் மேல் குற்றச்சாட்டு? "நீ செய்டா, உனக்குச் சின்ன தண்டனைதான்" என்று தூண்டிவிட்ட மாமன் சித்தப்பன் எங்கே? பிள்ளையைக் குற்றத்துக்குப் பயன்படுத்தியவனைத் தண்டிக்கச் சட்டத்தில் இடமிருந்தும் அது எத்தனை வழக்கில் சேர்க்கப்பட்டது? இல்லத்தில் இருந்த காலத்தில் அந்தப் பையனுக்குச் சாதி பற்றி யாராவது ஒரு வார்த்தை பேசினார்களா, இல்லை தையலும் தச்சுவேலையும் கற்றுக்கொடுத்துச் சாதியைப் பத்திரமாக அப்படியே திருப்பி அனுப்பினார்களா? நாங்குநேரிக்குப் பிறகு பள்ளிக்கூடங்களில் சாதி பற்றி ஆராய இன்னொரு ஒருநபர் குழுவுக்கும் நீதிபதி சந்துருவே தலைமை வகித்து 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தார். பள்ளிக்கூடத்துக்கு ஓர் அறிக்கை, இல்லத்துக்கு ஓர் அறிக்கை. பையன் என்னவோ ஒருத்தன்தான். இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற கணக்கு வேண்டும்.

இன்னொரு பயமும் நியாயமானது. "சாதி வாரியா எண்ணினா நம்ம மேலேயே திருப்புவான், பாரு, திருட்டுப் பயலுக பூரா எஸ்.சி.தான்னு டி.வி.யில போடுவான்." போடுவான். இப்போது மட்டும் சும்மாவா இருக்கிறான்? எண் இல்லாமலே அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறான். எண் வந்தால் குறைந்தபட்சம் நாமும் பதில் சொல்லலாம். ஆனாலும் காவல் வேண்டும். பிள்ளையின் பேர், ஊர், படம் எதையும் வெளியிடக் கூடாது என்று 74-ஆம் பிரிவு சொல்கிறது; நன்னடத்தைச் சான்று கேட்டு வரும்போது பழைய வழக்கைப் போலீஸ் சொல்லக் கூடாது என்றும் சொல்கிறது. 24-ஆம் பிரிவு, காலம் முடிந்ததும் பதிவேட்டை அழி என்கிறது. இந்த மூன்றும் நம்ம பிள்ளைகளுக்கு உயிர்நாடி. நாம் கேட்கிற கணக்கில் பேர் இருக்கக் கூடாது. ஊர்வாரியாகவும் கூடாது, மாவட்டவாரியாகப் போதும். ஒரு கட்டத்தில் ஒன்றிரண்டு பேர்தான் வருகிறார்கள் என்றால் அதை அச்சிடக் கூடாது. சின்ன ஊரில் 'ஒரு பையன்' என்றாலே யாரென்று ஊருக்குத் தெரிந்துவிடும்.

பேரேடும் கணக்கும் வேறு வேறு என்பதை உச்ச நீதிமன்றமும் ஒருவகையில் ஒத்துக்கொண்டிருக்கிறது. சிறைகளில் சாதி பார்த்து வேலை கொடுப்பது செல்லாது என்று பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா வழக்கில் 2024 அக்டோபர் 3 அன்று தீர்ப்புச் சொல்லி, சிறைப் பதிவேட்டில் சாதி என்கிற கட்டத்தையே எடுக்கச் சொன்னது. அப்புறம், குற்ற ஆவணக் காப்பகம் புள்ளிவிவரத்துக்காகத் திரட்டுவதை இது தடுக்காது என்றும் விளக்கியது. நாம் சொல்வதும் அதுதான். பையனை எந்த வேலைக்கு விடுவது என்று வார்டன் பார்க்கிற நோட்டில் சாதி வேண்டாம். அரசாங்கம் எப்படி நடந்துகொண்டது என்று மக்கள் பார்க்கிற அட்டவணையில் சாதி கட்டாயம் வேண்டும். வரப்போகிற மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் உண்டு என்று மத்திய அரசே 2025 ஏப்ரலில் அறிவித்துவிட்டது. வீடுவீடாக எண்ண முடிகிறவர்களுக்கு, பூட்டிய அறையில் இருக்கிற பிள்ளைகளை எண்ண மட்டும் கை நடுங்குவானேன்?

புதுச் சட்டம்கூடத் தேவையில்லை. 16-ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். முடியாத வழக்குகளின் கணக்கைக் குழுமம் மூன்று மாதத்துக்கு ஒருக்கா தலைமைக் குற்றவியல் நடுவருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் கொடுத்தே ஆக வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருக்கா மாநில அளவில் உயர்மட்டக் குழு பார்க்க வேண்டும். ஆக, சிவகங்கையிலும் அந்தத் தாள் ஆட்சியர் மேசைக்கு வந்துதான் ஆக வேண்டும். அதைக் கேட்டு வாங்குவதற்குப் பத்து ரூபாய் மனு போதும். சில்லறை வழக்குகளில் ஆறு மாதம் தாண்டியவை எத்தனை? ஜாமீன் மறுத்தவை எத்தனை, எந்தக் காரணத்தால்? இலவச வக்கீல் எத்தனாவது நாளில் வந்தார்? எலும்புச் சோதனைக்கு எத்தனை பேர் அனுப்பப்பட்டார்கள்? ஒவ்வொன்றிலும் எஸ்.சி., எஸ்.டி., மற்றவர் எத்தனை? 'அப்படிப் பிரித்து வைக்கவில்லை' என்று பதில் வந்தால் அதுவும் நமக்கு ஆதாரம்தான். படிவத்தில் இருப்பதை ஏன் கூட்டவில்லை என்று மேல்முறையீடு செய்யலாம், சட்டமன்ற உறுப்பினரைக் கேள்வி போட வைக்கலாம், உயர் நீதிமன்றத்துக்கும் கொண்டுபோகலாம். குழுமங்கள் ஒழுங்காக நடக்கிறதா என்று உயர் நீதிமன்றங்கள் தாமாகவே வழக்கெடுத்துக் கண்காணிக்க வேண்டும் என்று சம்பூர்ணா பெஹுரா வழக்கில் 2018 பிப்ரவரியிலேயே உச்ச நீதிமன்றம் கேட்டுக்கொண்டிருக்கிறது.

தாளில் ஏறாத கைதுக்கு மனுவால் பிரயோசனமில்லை. அதை நாம்தான் எழுத வேண்டும். வன்கொடுமை நடந்த ஊருக்கெல்லாம் உண்மை அறியும் குழு அனுப்பிப் பழகிய இயக்கம் இது. பெரிய ரத்தம் சிந்தினால்தான் குழு போகும் என்கிற வழக்கத்தை மாற்றுவோம். ஒவ்வொரு இரவுப் பள்ளியிலும், டியூஷன் நடக்கிற ஒவ்வொரு சமுதாயக்கூடத்திலும் ஒரு நோட்டு இருக்கட்டும். பயல் பேர் வேண்டாம். எந்தத் தேதி, எத்தனை மணிக்குக் கூட்டிப்போனார்கள், எத்தனை மணிக்கு விட்டார்கள், வயது என்ன, என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள், பெற்றோருக்குச் சொன்னார்களா, யூனிபாரத்தில் வந்தார்களா, அடித்தார்களா. இவ்வளவுதான். நாச்சியாபுரத்தில் ஒரு நோட்டு, குன்றக்குடியில் ஒன்று, திருப்பத்தூரில் ஒன்று, தேவகோட்டையில் ஒன்று. பிளஸ் டூ படிக்கிற நம்ம பொண்ணுகளிடம் கொடுத்தால் பேரேடு எழுதிய கணக்கப்பிள்ளைகளைவிடச் சுத்தமாக எழுதுவார்கள். ஆறு மாதத்துக்கு ஒருக்கா சட்டக் கல்லூரித் தோழர்கள் உட்கார்ந்து ஐந்தொகை எடுக்கட்டும். அந்தத் தாளை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலருக்கும் ஆட்சியருக்கும் அனுப்புவோம். இந்தப் பத்திரிகையிலும் போடுவோம்.

எந்தெந்த ஊரில் நோட்டுப் போட ஆள் இருக்கிறார்கள் என்று எழுதுங்கள். முதல் கணக்கை அடுத்த தை மாதத்துக்குள் எடுத்தாக வேண்டும்.